பின்பக்க அறைக்கு வந்த இரண்டு பையன்கள்: அனுப்பி வைத்த இல்லம் எப்படி?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சொந்த வீடு வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்க இடமில்லாமல் நின்ற பையன்களைத் தங்க வைத்து, வேலைக்கு அனுப்பி, பிறகு தனியாக வாழப் பழக்கும் இல்லம் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. "ஆண்டி, ரூம் இருக்கா?" என்று அவர்களே வீடு தேடி வருவார்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் பல பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

பெயரை நான் போடவில்லை. அங்கே இருக்கும் பிள்ளைகளில் சிலர் வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்தவர்கள். தேடி வரும் சொந்தக்காரர்களுக்கு இடம் தெரிய வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், நியாயம்தான். ஊர்க்காரர்களுக்கு எது என்று எப்படியும் தெரியும்.

என் வீட்டுக்காரர் போன பிறகு பின்பக்கத்து இரண்டு அறைகளும் சும்மா கிடந்தன. தனி வாசல், இருவருக்கும் பொதுவாக ஒரு குளியலறை, வெளியே சின்ன அடுப்படி. அறைக்கு 250 வெள்ளி (ரிங்கிட்). இல்லத்துப் பையன் ஒருவனுக்கு முதலில் கொடுத்தேன், சில மாதம் கழித்து இன்னொருவன் வந்தான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இல்லத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீடில்லாதவர்கள் என்றால் நமக்குக் கோலாலம்பூர் ஞாபகம்தான் வருகிறது. ஐந்தடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், அட்டை விரித்துப் படுத்திருப்பவர்கள், இரவில் வேனில் சோறு கொண்டு வந்து கொடுப்பவர்கள். அங்கே ஜாலான் பகாங்கில் மாநகர் மன்றத்தின் தங்குமிடமாவது இருக்கிறது. தோட்டப்புறத்து ஊர்களில் யாரும் ஐந்தடியில் படுப்பதில்லை, அதனால் பிரச்சினையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பையன்கள் கூட்டாளி வீட்டு ஹாலில் இரண்டு நாள், வர்க்‌ஷாப்பில் டயர் அடுக்கின மூலையில் ஒரு வாரம், திருவிழா சமயம் கோயில் மண்டபம், மற்ற நாளில் விடிய விடிய திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று ஓட்டிவிடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு ஊர் சுற்றுகிற பையன். பஸ் நிலையத்தில் படுக்க அவர்களுக்கே பயம். 1977-ஆம் ஆண்டின் ஓராங் பாப்பா (ஆதரவற்றோர்) சட்டப்படி, இருக்க இடமும் பிழைப்புக்கு வழியும் இல்லாமல் பொது இடத்தில் கிடப்பவரை வெல்ஃபேர் (சமூகநல இலாகா) அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போகலாம். மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டால் அரசாங்க இல்லத்தில் மூன்று வருஷம் வரைக்கும் வைக்கலாம். உதவி என்றுதான் சட்டம் சொல்கிறது. பத்தொன்பது வயசுப் பையனுக்கு அது ஜெயில் மாதிரிதான் கேட்கும்.

முதலில் வந்தவனை மூத்தவன் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியோடும் மாமாவோடும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். வீடு மாமாவின் வேலைக்காகக் கிடைத்த வீடு. மாமா பென்ஷன் வயசுக்கு வந்ததும் தோட்டத்துக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பாட்டி அதற்கு முன்பே தவறிவிட்டார். கிள்ளானில் இரண்டு அறை பிளாட்டில் ஏற்கெனவே ஆறு பேர். "நீ வேலை தேடிக்கிட்டு பின்னாடி வா" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். யாரும் அவனைத் துரத்தவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி படுக்க இடம் இல்லை.

நானும் லயத்தில் பிறந்தவள். அதனால் இது எனக்குப் புதிதாகப் படவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்தில் எங்கள் தாத்தா காலத்துக் கதை. ஐம்பது அறுபதுகளில் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது இப்படித்தான் குடும்பம் குடும்பமாக ரோட்டுக்கு வந்தார்கள். நம் ஊர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அதனால்தான். அதற்குப் பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய்ச் சில இடத்தில் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்து வீடு மட்டும் எப்போதும் வேலைக்காரனோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது பையன், சின்னவன், வேறு ரகம். ஆறு வயசிலிருந்து பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவன். 2001-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி பதினெட்டு வயது வரைக்கும்தான் குழந்தை. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதி முடித்த கையோடு பெட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நம் பிள்ளைகளைப் பதினெட்டு வயசில் தனியாக ஈப்போவுக்கு அனுப்பவே யோசிக்கிறோம். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. இல்லத்தில் எண்பது பேருக்குச் சமையல்காரர் சமைப்பார், பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். கடையில் பேரம் பேசத் தெரியாது, கிளினிக்கில் பேர் கொடுக்கத் தெரியாது. ஆனால் தரையை மட்டும் கண்ணாடி மாதிரி துடைப்பான்!

இப்போது இந்த இல்லம் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். பதினெட்டிலிருந்து இருபத்து நாலு வயது வரைக்கும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டில், பூட்டுப் போட்ட ஓர் அலமாரி. அந்தப் பூட்டைப் பற்றி இரண்டு பையன்களும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அதற்கு முன்னால் அவர்கள் பொருளை வைத்துப் பூட்ட ஓர் இடம் இருந்ததே இல்லை.

சேர்ந்ததும் முதல் வேலை ஐ.சி., அதாவது அடையாள அட்டை. மூத்தவனுடைய ஐ.சி. எங்கேயோ தொலைந்து போயிருந்தது. பன்னிரண்டு வயசில் எடுத்ததைப் பதினெட்டில் மாற்றவும் இல்லை. இல்லத்தில் பையன்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அவனோடு பதிவு இலாகாவில் போய் உட்கார்ந்து, போலிஸ் ரிப்போர்ட், அபராதம் எல்லாம் பார்த்து எடுத்துக் கொடுத்தார். ஐ.சி. இல்லாதவனுக்கு இந்த நாட்டில் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேங்கில் கணக்குத் திறக்க முடியாது. கம்பெனிக்காரன் இ.பி.எஃப். சேமநிதி கட்ட மாட்டான், கையில் காசாகக் கொடுத்து, கொடுத்ததுதான் சம்பளம் என்பான். 2025 ஆகஸ்ட் 31-லிருந்து பெரியவர்கள் எல்லாருக்கும் சாமான் வாங்க அரசாங்கம் கொடுத்த 100 வெள்ளி ஐ.சி.யில்தான் வந்தது. அதற்கு அடுத்த மாதக் கடைசியில் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று வந்ததும் ஐ.சி.யும் லைசென்சும் உள்ளவர்களுக்குத்தான். இல்லாதவன் கூடக் கொடுத்து ஊற்ற வேண்டும். ஏழைக்கென்று வரும் சலுகை, ஏழையிலும் ஏழைக்குப் போய்ச் சேராமல் இந்தக் கார்டில்தான் நிற்கிறது. பிறப்புப் பத்திரமே சரியாக இல்லாத பிள்ளைகள் கதை இன்னும் மோசம். அதில் இல்லம் வழக்கறிஞரிடம் கொண்டு போய் விடுவதோடு சரி, அதற்கு மேல் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அப்புறம் வேலை. சின்னவனைக் கியாட்மாரா தொழில் பயிற்சி நிலையத்தில் வயரிங் படிக்க விட்டார்கள். மூத்தவனுக்குத் தொழிற்சாலையில் இடம் பார்த்துக் கொடுத்தார்கள். இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இ.பி.எஃப். 11 விழுக்காடு, சொக்சோ காப்புறுதி எல்லாம் போகக் கைக்கு 1,500 வரும்.

இந்த இல்லத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை கிடைத்த மாதத்திலிருந்து ஆளுக்கு 100 வெள்ளி வாடகை வாங்குகிறார்கள். பையன்கள் முணுமுணுப்பார்களாம், தர்ம இல்லத்தில் என்ன வாடகை என்று. வெளியே போகும் நாளில் அந்தக் காசு முழுவதையும் ஒரு காசு குறையாமல் கையில் கொடுத்துவிடுகிறார்கள். என் அறைக்கு வரும்போது என்ன தேவைப்பட்டது என்று கணக்குப் பாருங்கள்: இரண்டு மாத டெப்பாசிட் 500, முன்பணம் 250, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வாடகை 125. மொத்தம் 875 வெள்ளி. மாதம் 1,500 வாங்குகிறவன் இதை எங்கே போய்ப் புரட்டுவான்? வாடகை கட்டத் தெம்பு இருந்தும் உள்ளே நுழையக் காசு இல்லாமல்தான் பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். மூத்தவன் என் மேசையில் 875 வெள்ளியை ஐம்பதும் இருபதும் ஐந்துமாக எண்ணி வைத்தான். யாருடைய இரக்கமும் இல்லை, அவனுடைய சொந்தக் காசு.

காசு இருந்தாலும் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூத்தவன் முதலில் ஈப்போவில்தான் தேடினான். போனில் பேர் கேட்பார்கள், சொன்னதும் "அறை போயிருச்சு" என்பார்கள். விளம்பரத்திலேயே எந்த இனத்துக்கு என்று போடுகிறவர்களும் உண்டு. நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "எந்தத் தோட்டம், யார் மகன்" என்று கேட்டுவிட்டு, இல்லத்துப் பையன் என்றால் கதவைச் சாத்துகிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். தங்க இடம் கொடுக்கிற இல்லங்கள் வேறேயும் உண்டு. இவர்களிடம் நான் பார்த்தது, சாவி கை மாறிய பிறகு அவர்கள் விட்டுவிடவில்லை என்பதுதான். அக்கா முதல் இரண்டு மூன்று மாதம் வாரம் தவறாமல் வந்தார். இப்போது மாதம் ஒரு தடவை வருகிறார். வந்தால் நேராக என்னிடம் வந்து புகார் கேட்கமாட்டார். முதலில் பையன் அறைக்குப் போவார், டீ.என்.பி. மின்சார பில்லைப் பார்ப்பார், கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) கேஸ் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் என்னிடம் கோப்பி. பையன் முதுகுக்குப் பின்னால் எதையும் என்னிடம் சொன்னதில்லை. நான் துருவிக் கேட்டும் சொன்னதில்லை, அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

மூத்தவன் அறை ஜன்னலில் ஒரு 555 புத்தகம் இருக்கும். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். இல்லத்தில் எல்லாருக்கும் ஒன்று கொடுத்து, செலவை எழுதச் சொல்கிறார்கள். ஒரு நாள் வாடகை கொடுக்க வந்தபோது திறந்தபடியே மேசையில் வைத்தான். நாசி லெமாக் 2.50. டாப்அப் 10. பெட்ரோல் 6. முடி வெட்ட 15. கிள்ளான் மாமா 100. கோயில் 5. அதற்குக் கீழே, "தெரியல 7.40". சிரித்துவிட்டேன். "என்னப்பா இது?" என்றால், "காசு குறையுது ஆண்டி, எங்க போச்சுன்னு தெரியல, ஆனா எழுதாம விட்டா அக்கா ஏசுவாங்க" என்றான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு "தெரியல" இருந்தது. பின்பக்கங்களில் அந்தத் தொகை குறைந்துகொண்டே வந்திருந்தது.

தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்று, பிறகு வேலையும் போய், அவன் ஒரு மாதம் வாடகை கட்ட முடியாமல் தவித்தான். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறான். மறுநாளே 250 வெள்ளி வந்துவிட்டது. அது சும்மா கொடுத்தது இல்லை, கடன். மாதம் 50 வெள்ளியாகத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டி முடித்தும் விட்டான். வீட்டுக்காரர்கள் கவனிக்க: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பையன்தான், இல்லம் ஜாமீன் இல்லை. இந்த ஒரு மாத உதவி எழுத்தில் எங்கேயும் இல்லை, அவர்கள் பழக்கத்தில் செய்கிறார்கள். எழுத்தில் கேட்டேன், யோசிப்பதாகச் சொன்னார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

இந்த முறை தாங்கள் கண்டுபிடித்தது இல்லை என்று அக்கா சொல்வார். போருக்குப் பிறகு பிரான்சில், வேலை தேடி நகரத்துக்கு வந்த இளவட்டங்களுக்குத் தங்க இடமும் வேலைக்கு வழியும் சேர்த்துக் கொடுக்க ஃபோயர் என்று விடுதிகள் இருந்தன. அது 1992-இல் பிரிட்டனுக்கும் போனது. அதே சமயத்தில் நியூயார்க்கில் இன்னொரு முறை தொடங்கியது: முதலில் வீட்டுச் சாவியைக் கொடு, மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பது. பின்லாந்து அரசாங்கம் 2008-லிருந்து அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கே இரண்டும் கலந்த மாதிரி இருக்கிறது, ஆனால் கலவை எல்லாருக்கும் ஒரே அளவு. என் அபிப்பிராயத்தில் அங்கேதான் இடிக்கிறது. சின்னவனுக்கு அந்த விடுதி வாசம் கண்டிப்பாக வேண்டும். சோறு வடிக்கவே அங்கேதான் கற்றுக்கொண்டான். மூத்தவன் பாட்டிக்குச் சமைத்துப் போட்டு, துணி துவைத்துப் போட்டு வளர்ந்தவன். அவனுக்குத் தேவைப்பட்டது ஐ.சி.யும் 875 வெள்ளியும்தான். அவனையும் ராத்திரி பத்து மணிக்கு உள்ளே வந்துவிடு, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வா என்று அரை வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். பத்து மணிக் கட்டுப்பாட்டால் நல்ல சம்பளத்தில் ஒரு நைட் ஷிப்ட் வேலையை அவன் விட வேண்டியதாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் ஒரே கலர் சட்டை போட்டுக்கொண்டு வந்து சமையல் சொல்லிக் கொடுப்பார்களாம். ஸ்பகெட்டி, காளான் சாஸ், சாலட். பையன்களோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இங்கே சுங்கை சிப்புட்டில் 1,500 வெள்ளிச் சம்பளத்தில் எவன் காளான் சாஸ் வைக்கிறான்? சாம்பார், கருவாட்டுக் குழம்பு, முட்டை சம்பல், இந்த மூன்றும் தெரிந்தால் ஒரு மாதம் ஓடிவிடும். அக்காவிடம் சொன்னேன். "நீங்களே வந்து சொல்லிக் கொடுங்க ஆண்டி" என்றார். போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒரு மதிப்பெண் குறைத்ததற்குப் பெரிய காரணம் வேறு. ஒரு சனிக்கிழமை ராத்திரி சின்னவனுக்குக் காய்ச்சல் கொதித்தது, வாந்தி நிற்கவில்லை. அவசரத்துக்கு என்று கொடுத்த நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்து, இருவருமாக அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். டெங்கி என்று சொல்லிப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். அடையாளத்துக்கு யார், சொந்தம் யார் என்று கேட்டபோது பையன் என் முகத்தைப் பார்க்கிறான். என் பேரைத்தான் எழுதினேன், வேறென்ன செய்வது? இல்லத்திலிருந்து திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. நன்றாகக் கொடுத்தேன். பையன்களுக்கு ஆபத்து ஆபீஸ் நேரம் பார்த்தா வரும்? ஆள் பற்றாக்குறை என்றார்கள், இருக்கலாம், இரண்டு பேர் அத்தனை பையன்களையும் பார்க்கிறார்கள். இப்போது வார இறுதிக்கு வேறு ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களாகக் கொடுக்க மறந்துவிடுவார்கள். அதோடு வெல்ஃபேர்காரர்களின் தாலியான் காசே 15999-ஐயும் சுவரில் எழுதி வையுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. கேட்டு வருகிறவர்களை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். நம் ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் போக இடமில்லாத நிலை வந்தால் கல்யாணம் என்ற பேரில் யாரோ ஒருவன் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதைக் கணக்கில் யாரும் எடுப்பதில்லை. இல்லம் இருக்கிற இடமும் சரியில்லை. தோட்டத்து ரோட்டை ஒட்டி, இருட்டினால் பஸ் கிடையாது. மோட்டார் சைக்கிள் இல்லாத பையன் ஓவர்டைம் செய்துவிட்டு எப்படித் திரும்புவான்? லைசென்ஸ் எடுக்க உதவுகிறார்கள், மோட்டாருக்கு இல்லை. தீபாவளிக்கு முறுக்கு ஹேம்பர் கொண்டு வந்து அடுக்குகிறவர்கள் அந்தக் காசில் ஒரு பழைய கப்சாய் மோட்டார் வாங்கி நிறுத்தினால் புண்ணியமாகப் போகும்.

வாடகைக்காரர்களாக இரண்டு பையன்களும் எப்படி என்று கேட்பீர்கள். மூத்தவன் பாட்டைச் சத்தமாக வைப்பான், சொன்னால் குறைப்பான். சின்னவன் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துவிடுவான், இரண்டு மாதம் பில் எகிறியது. இதற்கு முன்னால் இருந்த, நல்ல குடும்பத்துப் பையன் என்று சிபாரிசோடு வந்தவன், மூன்று மாத வாடகையோடு காணாமல் போனான். அந்தத் தொல்லை இவர்களிடம் இல்லை.

கொடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பையன் பேரில் எழுதி, ஸ்டாம்பிங் (முத்திரைத் தீர்வை) செய்துவிடுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் அவன் இந்த முகவரியில் இருக்கிறான் என்று மற்ற இடங்களில் காட்டுவான். டெப்பாசிட்டுக்கு ரசீது கொடுங்கள், அதை அவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், நம்மைவிடப் பத்திரமாக. இல்லம் எது என்று தெரியாதவர்கள் வெல்ஃபேர் ஆபீசில் கேட்கலாம்.

சின்னவன் படித்து முடித்துவிட்டு, தைப்பிங்கில் ஒரு வயரிங் காண்ட்ராக்டரிடம் வேலைக்குப் போகிறான். அடுத்த மாதம் அறையைக் காலி செய்கிறான். டெப்பாசிட்டில் தண்ணீர் பில்லுக்கு 38 வெள்ளி பிடித்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவனும் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அடுத்த பையன் யார் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். வாடகை அதே 250 தான், ஏற்றவில்லை. தண்ணீருக்கு மட்டும் இந்தத் தடவை தனி மீட்டர் வைக்கச் சொல்லி ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.